செல்லு சாகும் பொடி

காலை 6.10. தஞ்சாவூரில் திருத்துறைப்பூண்டி பஸ் ஏறினேன். மன்னார்குடி வழி, அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மடியில் ஒரு டப்பா பொடி. விலை 1,800 ரூபாய். என் அக்காவுக்குக் கழுத்தில் நிணநீர்ப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும். இரண்டோடு நிறுத்திவிட்டாள். “கெமிக்கல் வேணாம்டா, மூலிகை போதும்” என்று இந்தப் பொடியை வாங்கி வைத்திருக்கிறாள். மூன்றாவது முறை திங்கட்கிழமை. அதற்குள் இந்தப் பொடி விற்பவனைப் பார்த்தாக வேண்டும்.

8.40. ஆட்டோ, 120 ரூபாய். இருபக்கமும் நடவு முடிந்த வயல்.

“அண்ணே, அங்க போனா செல்லு செத்துடுமாமே, நெசமா?”

“செத்துடுச்சா? இந்தாங்க, சார்ஜர் இருக்கு.”

போன் இல்லை, புற்றுநோய்ச் செல்லு என்று விளக்கிச் சொன்னேன். சிரித்தார். “வைத்தியர் வீட்டுக்கா? நெறைய பேர ஏத்திருக்கேன். நல்லாயிடுச்சுன்னு ரெண்டாந்தடவ வந்தவங்கள ஏத்துனதில்ல.”

9.15. வாசலெல்லாம் நித்தியகல்யாணிச் செடி. எங்கள் ஊரில் சுடுகாட்டு மல்லி என்போம். வைத்தியர் போனில் ஒரு வீடியோ காட்டினார். கண்ணாடித் தட்டில் சாறு விடுகிறார்கள், புற்றுநோய்ச் செல்கள் சுருங்கிச் சாகின்றன.

“பூச்சிமருந்து ஊத்துனாலும் சாகுங்க” என்றேன்.

அவருக்குக் கோபம். “சார், ஆஸ்பத்திரியில உங்கக்காவுக்கு ஏத்துறதே இந்தச் செடிதான். இதுல செஞ்ச நம்ம பொடி கெட்ட செல்ல மட்டும் தேடிப் புடிச்சுக் கொல்லும்.”

“எவ்வளவு சாப்பிடணும்?”

“ஒரு சிட்டிகை. கூடக் கொறைய இருந்தாலும் பாதகமில்ல.”

டப்பாவைத் திறந்து நீட்டினேன். “அப்ப நீங்க ஒரு சிட்டிகை போடுங்க.”

பின்னால் நகர்ந்தார். “எனக்கெதுக்கு சார்? நோயில்லாத ஒடம்பு. நல்ல செல்லு செத்துடும்ல!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

11.30. பஸ்ஸுக்கு நின்றபடி ஆஸ்பத்திரி நர்ஸிடம் போனில் கேட்டேன். அக்காவுக்கு ஏற்றுவதில் ஒரு மருந்து அந்தச் செடியிலிருந்து எடுப்பதுதானாம். ஆனால் பிரித்தெடுத்து, எடையும் உயரமும் பார்த்து, ரத்தம் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள்.

மாலை 3. வீடு.

“சுடுகாட்டு மல்லியையா எனக்கு ஏத்துறாங்க?” என்றாள் அக்கா.

“ஆமா. அளந்து ஏத்துறாங்க.”

ஆஸ்பத்திரி மருந்தையும் நான் முழுசாக நம்பவில்லை. கேட்குமோ கேட்காதோ. ஆனால் முடி கொட்டும், நல்ல செல்லும் சாகும் என்று அவர்கள் முதல் நாளே சொன்னார்கள். இவனை வாயில் போடச் சொன்ன பிறகுதான் உண்மை வந்தது.

அக்கா தலையைத் தடவிக்கொண்டாள். கையோடு கொஞ்சம் முடி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “திங்கக்கிழமை எத்தன மணிக்குடா வரச் சொன்னாங்க?”