முதலாளி அம்மாவின் கடைவாய்ப்பல்

மரவள்ளி மாவில் நான் செய்த பிஸ்கட்டைக் கடித்ததும் முதலாளி அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாச்சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பேக்கரி வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அருகே இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி, அதிலும் யுத்த காலம். கோதுமை மா வரத்துக் குறைந்து, பாண் சுடும் போறணை அடுப்பு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எரிந்தது. இப்படியே போனால் கடைசியாகச் சேர்ந்த இருவரை நிறுத்த வேண்டிவரும் என்று அம்மா மறைக்காமல் சொல்லியிருந்தார். அந்த இருவரில் நான் ஒருவன். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. கோதுமை இல்லாமல் விற்கக்கூடிய ஒன்றைச் செய்துவிட்டால் தப்பலாம் என்று நம்பித்தான் அந்தப் பிஸ்கட்டில் இறங்கினேன். அம்மா இருந்த நிலையைப் பார்த்ததும் வேலை போச்சு என்றே முடிவுகட்டினேன்.

எங்கள் பேக்கரியில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது புதிதாக எதையாவது செய்து பார்த்தால், காலையில் குடிக்கும் பிளேன்ரீயோடு எல்லோரும் அதைத் தின்ன வேண்டும். முதல் வாய் அம்மாவுடையது. கணவர் இறந்தபின் கடையைப் பொறுப்பெடுத்த அவருக்கு மா பிசையவே தெரியாது. அதை ஒளிக்கவும் மாட்டார். கருகியதையும் புளித்ததையும் எத்தனையோ தரம் முகம் கோணாமல் விழுங்கியிருக்கிறார். அவருடைய வயிற்றுக்கு ஒரு கோயிலே கட்டலாம். உன்னை யார் இதைச் செய்யச் சொன்னது என்று அவர் ஒருவரையும் கேட்டதில்லை.

அன்றும் கேட்கவில்லை. பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லு இருக்கு தம்பி, பயப்பிடாதையும். வாசம் நல்லாத்தான் இருக்கு. அடுத்தமுறை என்னத்தை மாத்தப் போறீர்?" என்றார். அதுவரை வாய் திறந்தே அறியாத, பெட்டி கட்டும் அக்கா, "புட்டுக்கு நாங்கள் மாவை அவிக்கிறனாங்கள் அம்மா. இதையும் அவிச்சுப் பாப்பமே?" என்றார். போறணை வேலையில் மூத்தவரான சிங்கள பாஸ் தன் கொச்சைத் தமிழில், "தேங்காய்ப்பூ வறுத்துப் போடுங்க நோனா" என்றார்.

"அப்ப இண்டைக்கே செய்வம். கெட்டால் நான்தானே தின்னப்போறன்" என்று அம்மா சிரித்தார். அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டோம்.

இன்னும் சில தட்டுகள் வீணாயின. கடைசியில் வந்தது வாயில் போட்டதும் பொருபொருவென்று உடைந்தது. கொட்டாஞ்சேனைக் கடைகள்வரை அதைக் கேட்டு வாங்கினார்கள். யாரையும் நிறுத்தவில்லை. பிற்காலத்தில் பெரிய தொழிற்சாலைகளைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளர் யோசனை சொல்லவென்று சுவரில் பூட்டுப்போட்ட பெட்டி மாட்டியிருப்பார்கள். உள்ளே சிலந்திதான் குடியிருக்கும். அங்கே கெட்டிக்காரர்கள் இல்லாமலில்லை, தோற்றுப்போக இடமில்லை.

அந்த வருடமே கொள்ளுப்பிட்டியில் பெரிய பேக்கரி நடத்திய ஒரு முதலாளி எங்களிடம் வந்து, அந்தப் பிஸ்கட்டைச் செய்தது யார் என்று விசாரித்தார். அம்மா மறைத்திருக்கலாம். "உவர்தான் தொடக்கினவர். நல்ல கை. அவருக்கு விருப்பமெண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று என்னைக் காட்டினார். வந்தவர் சொன்ன சம்பளம் எனக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு. குழந்தையும் பிறந்திருந்தது. நான் ஒன்று மட்டும் கேட்டேன். "புதுசா ஏதும் செய்து, அது பிழைச்சுப்போனால்?"

"சம்பளத்தில கழிப்பம். வேறென்ன?" என்றார் அவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

அன்றிரவு, அங்கே போகப்போவதில்லை என்று நான் சொன்னதும் மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போய் நின்றேன்.

"போகேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா. குரக்கன் மாவில ஒண்டு செய்து பாக்க யோசிக்கிறன்."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரக்கன் வாங்க ஆளனுப்பினார்.