வாப்பா வைத்த டைமர்

என் வாப்பா என்னைச் சவூதியிலிருந்தே வளர்த்தார். அங்கே ஒரு கடையில் சரக்கு அடுக்கும் வேலை. தேங்காய்ப்பட்டணத்து வீட்டில் உம்மாவும் நானும் மட்டும். ஆறாம் வகுப்பில் நான் கணக்கில் பெயிலானதும், வாப்பா நாலைந்து நாள் யூடியூப் பார்த்து எனக்கொரு வழி கண்டுபிடித்தார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று தடவை. வீட்டிலிருந்த ஒரே போன் உம்மாவுடையது. அது டைமர் ஓட என் முன்னால் இருக்கும். ஓடி முடியும்வரை கூரையே விழுந்தாலும் நான் தலை நிமிரக் கூடாது.

"வேலைன்னா அது மட்டுந்தான் மக்ளே. நானே விளிச்சாலும் எடுக்கப்பிடாது" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. மறுவாரமே படிப்பு நேரத்தில் வீடியோ காலில் வந்தார். ஓடுகிற நிமிடங்களை மறைத்துக்கொண்டு அவர் முகம் தெரிந்தது. கை பரபரத்தாலும் கட் செய்துவிட்டேன். பிறகு அழைத்து, சும்மா சோதித்துப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கென்று ஒரு டப்பா சாக்லெட் கொடுத்தனுப்பினார். தெரு முழுக்க அதைக் காட்டிய பிறகுதான் பிரித்தேன்.

காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் மறுபடி படிப்பு நேரத்தில் அழைத்தார். கட் செய்தேன். உடனே இன்னொரு தடவை. அதையும் கட் செய்தேன். மூன்றாவது அழைப்புக்கு அடுக்களையிலிருந்து உம்மா குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, வாப்பாவாக்கும். எடேன்."

"சோதிச்சுப் பாக்காவ உம்மா. எடுத்தா நான் தோத்துருவேன்."

உம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மீன் கழுவப் போய்விட்டாள். நான் பன்னிரண்டு கணக்கும் போட்டு முடித்துவிட்டு அழைத்தேன். அவர் போன் அணைந்திருந்தது.

மறுநாள் சரியாகப் படிப்பு முடிந்தபின் அழைத்தார். வீடியோ இல்லை, குரல் மட்டும். அதுவும் கரகரத்திருந்தது.

"நேத்து எடுக்கல்லியே மக்ளே."

"மூணு தடவ விளிச்சியளே, நான் ஏமாறுவேனா?"

ஒருதடவை செருமிக்கொண்டார். பிறகு, "மிடுக்கி. எத்தன கணக்குப் போட்ட?" என்றார். சொன்னேன். தொண்டைக்கு என்ன என்று கேட்டேன். ஏசி காற்று என்றார். இந்தத் தடவையும் சாக்லெட் வருமா என்றேன். வரும் என்றார், வந்தது.

கல்லூரியில் படிக்கும்போதுதான் உம்மா ஒருநாள் விஷயத்தைச் சொன்னாள். அந்த மூன்று அழைப்பும் வந்த அன்று, வாப்பாவோடு ஒன்பது வருடம் ஒரே அறையில் இருந்த குளச்சல்காரர், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒன்றரை மணி நேரம் வாப்பா அந்த மையித்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்திருக்கிறார். பிள்ளையின் சத்தம் ஒருதடவை கேட்டால் போதும் என்றிருந்ததாம்.

எனக்கு அழுகை நிற்கவில்லை. எதற்காக அழைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அது சோதனை இல்லை என்று அவரும் சொல்லவில்லை. நான் ஜெயித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.