அடுத்த சுற்றுக்கான விடுப்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலை ஷிப்டில் வாயைத் திறந்தால் மதியம் மணி அடிக்கும்வரை மூடமாட்டாள். இஸ்திரி உருளைக்கு முன்னால் இடது பக்கம், பதினோரு வருடமாக அதுதான் அவள் இடம். வலது பக்கம் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. ஈரப் படுக்கைவிரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையை அவளும் பிடித்து, சுருக்கம் எடுத்து, கொதிக்கிற உருளைக்குள் ஒன்றாக விடுவார்கள். ஒருத்தி ஒரு நொடி முந்தி விட்டால் துணி கோணிக்கொண்டு, மற்றவள் கையையும் சேர்த்து இழுக்கும். அதற்காகத்தான் அவள் பாடவே ஆரம்பித்தாள். தாளம் விழுகிற இடத்தில் நான்கு கைகளும் ஒன்றாக விடும்.

டிவி பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பம் போட்டது அக்காதான்.

"உன் தொண்டைக்கு நாலு பேர் கை தட்ட வேணாமாடி? இந்த மெஷின் மட்டும் கேட்டாப் போதுமா?"

குரல் தேர்வு நடந்த அறையில் மெஷின் இல்லை. சுவரெல்லாம் மெத்தை மாதிரி எதையோ ஒட்டியிருந்தார்கள். அவள் குரல் அவளுக்கே தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான். கூப்பாடு போடுவது போலிருந்தது. குரலைத் தணிக்கப் பார்த்தாள், இரண்டாவது அடியிலேயே மூச்சு அறுந்தது. நடுவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார். "போதும்மா. நல்ல குரல்தான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கேமரா ஒன்று கிட்டத்தில் வந்து, அவள் முகத்தைத் துடைத்து முடிக்கிறவரை நின்றது. பிறகு ஒரு பெண் வந்து, காலையில் கையெழுத்துப் போட்ட தாளை நினைவுபடுத்தினாள். ஒளிபரப்பாகும் வரை முடிவை அவளோ குடும்பத்தாரோ வெளியே சொன்னால் வழக்கு. கூட வந்திருந்த கணவன் வேகமாகத் தலையாட்டினான். நீதிமன்றத்தில் கோப்புக் கட்டுகளைத் தூக்கி வைக்கிற வேலை அவனுக்கு. வழக்கு என்றால் என்ன கனம் என்று தோளுக்குத் தெரியும்.

பத்து நாளில் விளம்பரம் வர ஆரம்பித்தது. அதில் அவள் அழுகிறாள். அடுத்த நொடி நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். யாருக்குத் தட்டியதோ! நடுவில் வயலின் வேறு.

மறுநாள் சலவைக்கூடமே வாசலில் நின்றது. அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டு, ஆனந்தத்தில் இவள் தோளை நனைத்தாள்.

"சொல்லவே இல்லையேடி, அமுக்குணி!"

அவள் சிரித்து வைத்தாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் ஒருபடி மேலே போனார். "அடுத்த ரவுண்டு வெளியூர்லதானே? மூணு வாரம் லீவு எழுதிட்டேன். நீ வாயே திறக்காதம்மா. சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருப்பாங்க, எனக்குத் தெரியாதா?"

கண்ணடித்துவிட்டுப் போனார். லீவு வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் அந்தத் தாளுக்குள் இருந்தது. அக்காவிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அக்கா வாயில் எந்தச் சேதியும் ஒரு ராத்திரி தங்கியதில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போகலாமென்றால் அங்கேயும் டிவி இருக்கிறது.

ஆகவே அவள் வெளியூர் போகவில்லை. வீட்டுக்குள் போனாள்.

காலையில் கணவன் வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு போவான். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். குழாயை நூல் அளவுக்குத்தான் திறக்கலாம். குக்கர் வைக்க முடியாது, விசில் அடிக்கும். இருமல் வந்தால் தலையணை. பொழுது சாய்ந்தபின் அவன் வருகிறவரை விளக்கு கிடையாது. பாவம், பொண்டாட்டி ஊரில் இல்லாதவன் என்று பக்கத்து வீட்டுக்காரி அவனுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதை இரண்டு தட்டில் போட்டு, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"அவங்க இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்குல்ல?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலில் அவனிடம் விசாரித்தது கதவு வழியாக நன்றாகக் கேட்டது.

பாட்டு வராமலில்லை. பாத்திரம் துடைக்கும்போது தொண்டைவரை வரும். விழுங்குவாள். விழுங்குகிற ஒவ்வொரு முறையும் அந்த அறையில் உயர்ந்த கைதான் கண்ணில் நிற்கும். அதை யாரிடமாவது சொல்லி ஒருமுறை அழுதிருந்தால் ஒருவேளை நகர்ந்திருக்கும். கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "மெதுவா, மெதுவா" என்றான்.

பதினேழாம் நாள் ஒளிபரப்பு. இரவு எட்டு மணிக்கு. சலவைக்கூடத்து ஆட்கள் நாற்பது பேர் கூடிப் பார்க்கிற இடத்தில் அக்கா திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எல்லோரும் எப்படித் தெரிந்துகொண்டாலும் சரி, அக்காவுக்குத் தன் வாயால் தெரிய வேண்டும். ஆனால் தான் இருப்பது பூட்டிய வீட்டுக்குள்.

ஏழரைக்குப் படியில் செருப்புச் சத்தம். பூட்டு குலுங்கியது.

"அட, தம்பி இன்னும் வரலையா? எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாம்னு கூப்பிட வந்தா..."

செருப்பு திரும்பியது. ஒரு படி, இரண்டு படி.

"அக்கா."

சத்தம் நின்றது. "யாரது?"

"நான்தான் அக்கா. உள்ளதான் இருக்கேன்."

"அடிப்பாவி! நீ ஊருக்குப் போகல?"

"என்னை எடுக்கல அக்கா. அன்னிக்கே போன்னு சொல்லிட்டாங்க."

அக்கா போய்விட்டாளோ என்று கதவில் காதை வைத்தாள்.

"அப்போ அந்தக் கைதட்டு?"

"எனக்கில்லை."

"பதினேழு நாளா பூட்டுக்குள்ளயா கிடந்த? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அக்கா தானே நிறுத்திக்கொண்டாள். "சரி, நான் ஊதியிருப்பேன்தான்."

"போங்க அக்கா. எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்கார?" அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இவள் தரையில் உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியாக வந்தது. யார் யாரோ பாடினார்கள். இவள் முறை வந்தபோது இரண்டடி, மூச்சு அறுந்த இடம், "போதும்மா." உடனே ஏதோ வேடிக்கைச் சத்தத்தைப் போட்டு எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டிலும் சிரித்தார்கள், பிறகு சட்டென்று அடங்கினார்கள்.

"முதல் அடி நல்லாத்தானேடி எடுத்த?"

"மூச்சு பத்தல அக்கா. அவங்க சொன்னது சரிதான்."

அதைச் சொன்னபிறகு அவளால் அழ முடிந்தது, சத்தமாகவே. அக்கா தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும்தான் சொன்னாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். உன் இடத்துல புதுப் பொண்ண நிரந்தரமாப் போட்டாச்சு. நீ இனிமே ஏன் திரும்பி வரப்போறேன்னு சூப்பர்வைசர் எழுதி அனுப்பிட்டார். அழுக்குத்துணி பிரிக்கிற அறையிலதான் ஆள் வேணுமாம்."

"சரி அக்கா."

கணவன் படியேறி வந்தவன், அக்காவைப் பார்த்ததும் சாவியை மறைத்தான்.

"தொறங்க தம்பி. ஊரே பாத்தாச்சு."

கதவு திறந்ததும் அக்கா நேரே உள்ளே வந்து தண்ணீர் கேட்டாள். இவள் கொண்டுவந்து கொடுத்த டம்ளரை இடது கையால் வாங்கினாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. இவள் அதையே பார்த்தாள்.

"புதுப் பொண்ணு," என்றாள் அக்கா. "ஒரு நொடி முந்திட்டா."