இறங்காதவருக்கு எழுதிய சான்று

மூன்று நாள் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிய ஒருவருக்கு நான் பொய்ச் சான்று எழுதிக் கொடுத்தேன். தெரிந்தேதான் எழுதினேன்.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலம். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, பொழுதுபோக்க ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்த சைக்கிள்காரர் வந்து திடலில் வட்டமடிக்கத் தொடங்கினார். ஓட்டியபடியே குளித்தார், சவரம் செய்தார், பெண்கள் நீட்டிய தோசையைத் தின்றார். தோட்டமே திடலில் கிடந்தது.

"நாளைக்கே எறங்கிடுவான் பாருங்க" என்று எல்லோர் முன்னும் சொன்னவன் நான்.

மறுநாள் ரோந்துச் சிப்பாய்கள் அடையாள அட்டை பார்க்க வந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். மலாய்ச் சிப்பாய் ஒருவன் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"எறங்க முடியாது லா, துவான்" என்று மரியாதையாகவே சொன்னவர் அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டார். சிப்பாய் கூடவே ஓடி, படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தான். கடைசியில் அவனே சிரித்துவிட்டான்.

பால்வெட்டும் அக்கா ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, ஒங்க நாளைக்கி எப்ப வரும்?"

திடலே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவர் இறங்கி வந்து ஆங்கிலத்தில் சான்று கேட்டார். அது இருந்தால்தான் அடுத்த தோட்டத்தில் வேலிக்குள் விடுவார்கள். அதுதான் அவர் பிழைப்பு. "கண்டினியுவஸ்னு போடுங்கய்யா" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல். திறந்த குழாயில் அறாமல் விழும் தண்ணீரைக் காட்டி நான் வகுப்பில் பொருள் சொல்லும் சொல். அதை எழுதாமல், இடையிடையே இறங்கி இளைப்பாறி ஓட்டினார் என்று எழுதினேன். அந்தச் சொல் எங்கே என்று கேட்டார். வேறொரு சொல்லைத் தொட்டுக் காட்டினேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அதைப் படித்துக் காட்ட, அங்கிருந்தவர்கள் அவரை ஏமாற்றுக்காரன் என்று விரட்டியதாக அரிசி லாரிக்காரர் வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை புதுச் சான்றோடு பஸ் ஏறினேன். லாரிக்காரர் சொன்னபடியே செர்காம் என்ற ஊரில் டயருக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. இந்தத் தாளையும் நம்பணுமா? அங்க வந்து வாயால சொல்லுங்க."

அவரை விரட்டிய தோட்டத்துத் திடலில் நின்று, பொய் எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் சைக்கிளின் முன்கம்பியைத் தட்டினார். "ஏறுங்க வாத்தியாரே. நான் சொல்ற வரைக்கும் எறங்கக் கூடாது."

முப்பது வட்டம். வேட்டியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்தபடி நான் முன்னால் தொங்கினேன். "வாத்தியாருக்கு எளைப்பாறணுமாம், நிறுத்துலா" என்று கூட்டம் கத்த, அவர் நிறுத்தவில்லை. நானும் சிரித்துவிட்டேன். அன்றே அங்கே மூன்று நாள் ஆட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

புறப்படும்போது புதுச் சான்றைக் கொடுத்துவிட்டுப் பழைய தாளைத் திருப்பிக் கேட்டேன்.

"அது எங்கிட்டயே இருக்கட்டும், வாத்தியாரு கையால எழுதுன பொய்யாச்சே" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.