மூக்கனைத் தின்ற விரிசல்

செம்மநத்தத்துக்கு மேலே மலையைக் கீறியதுபோல் ஒரு கருங்கல் வரி ஓடுகிறது. ஆதியில் பூமி பிளந்த இடுக்கில் ஏறிய எரிமலைக் குழம்பு, வெளியே வழிய வழியின்றி உள்ளேயே இறுகிய கல் அது. ஆறும்போது சுருங்கி விரிசல் விட்டது. அப்படியொரு விரிசலில் பாறை பெயர்ந்துதான் போன ஆவணியில் மூக்கன் செத்தான்.

"முனி காவு வாங்கிருச்சு" என்றார் குவாரிக் குத்தகைக்காரர். முனி செய்த கொலைக்கு அவர் நட்டஈடு தர வேண்டியதில்லையே!

இன்று பூசை போட்டுக் குவாரியை மறுபடி திறக்கிறார்கள். மூக்கன் மனைவி வீராயி விளக்கேற்றினால்தான் முனி அடங்குமாம்.

மூடுபனிக்குள் பாறை கவிந்து நின்றது.

"ஏத்து கண்ணு" என்றார் குத்தகைக்காரர்.

வேலைக்கு இறங்குமுன் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் மணிபோலக் கணீரென்னும்; உள்ளே விரிசல் விட்ட கல் பொத்தென்னும். வீராயி விளக்கை ஏற்றாமல் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்துத் தட்டினாள். 'பொத்' என்றது பாறை. மூக்கன் செத்த அன்று அவனுக்குச் சோறு கொண்டுவந்தபோது கேட்ட அதே சத்தம். "கல்லு சரியில்லீங்க" என்று மூக்கன் கெஞ்சியும் இறக்கிவிட்டார்கள்.

"இன்னொருக்கா தட்டுங்கக்கா" என்றான் கல்லுடைக்கும் சக்திவேல். தட்டினாள். மூக்கனே உள்ளிருந்து பதில் சொல்வதுபோல் மறுபடி 'பொத்'.

"ஏனுங்க, விளக்க நான் ஏத்தறனுங்க. எரிஞ்சு முடியற வரைக்கும் நீங்க இந்தப் பாறைக்குக் கீழ நில்லுங்க. முனிதான் அடங்கிருமே!" என்றாள் வீராயி குத்தகைக்காரரிடம்.

குத்தகைக்காரர் தம்மையறியாமல் இரண்டடி பின்னால் போனார்.

அதை எல்லோரும் பார்த்தார்கள். சக்திவேல் உளியைக் கீழே போட்டான்.