கன்னத்தின் பதம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே தறி ஓடியதில் ஃபோன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் படியில் நின்று கத்தினார்.

"ஏட்டி, ஒன் இஸ்ரேல் புள்ள கூப்பிடுதா. என்னமோ கேக்கா, எனக்கு ஒண்ணும் வெளங்கல."

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கூப்பிட்டு நாலு மாதமாகிறது.

நான் பத்தாவது வரை படித்தவள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேல் போய், ஒரு யூதக் குடும்பத்தில் மூன்றரை வருடம் இருந்தேன். படுக்கையில் இருந்த பெரியவர், அவருடைய மகள், மருமகன், பேத்தி. நான் போனபோது பேத்திக்கு நாலு வயது. பெரியவர் இறந்ததும் விசா முடிந்து சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டேன். இப்போது அவளுக்குப் பத்து.

அங்கே வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்ததும் ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதன்பின் சனிக்கிழமை இருட்டும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள், ஃபோனைத் தொட மாட்டார்கள். அதற்குள் ஹல்லா என்ற ரொட்டியைச் சுட்டு வைக்க வேண்டும். முட்டையும் எண்ணெயும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, மூன்று கால் எடுத்துப் பின்னிச் சுடுவது.

போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போன அந்த அம்மா களைத்து வருவாரே என்று நானே பிசைந்து, நானே ஓவனைப் போட்டு, ரொட்டியைச் சுட்டு மேசையில் வைத்துவிட்டேன். யாரும் அதைத் தொடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ரொட்டி சுடுகிற அடுப்பை அவர்களில் ஒருவர்தான் மூட்ட வேண்டுமாம், எனக்கு எப்படித் தெரியும்? அன்று கடை ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் தலையே நிமிர்த்தவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மா பிள்ளையைத் தூக்கி முக்காலியில் நிறுத்தி, "இனி ஓவனை இவள் போடுவாள்" என்றார். அந்த வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. நான் பிசைவேன், அவள் சுவிட்சைத் திருப்புவாள்.

பெரியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. அவளிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசினேன், பாதி அவர்கள் மொழி, பாதி தமிழ். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவளை ஏட்டி என்பேன். அவளும் என்னை ஏட்டி என்றே கூப்பிட்டாள்.

நான் எதையும் அளந்து போடுகிறவள் இல்லை. பதம் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டாள். ஒரு கையை மாவிலும் மறு கையை அவள் கன்னத்திலும் வைத்து, "ரெண்டும் ஒண்ணு போல இருந்தா போதும்" என்றேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் மாவைப் பிசைய ஆரம்பித்ததுமே கன்னத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன்.

"ஏட்டி!" என்றாள்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நான் ஒருத்தன் அப்படிக் கூப்பிடுதது பத்தாதாக்கும்?"

"சும்மா இருங்க. மொதல்ல தறிய நிறுத்துங்க."

அவளுடைய அம்மாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறாராம். நான் ஊருக்கு வந்த பிறகு அந்த வீட்டில் கடை ரொட்டிதானாம். இன்று இவளே சுடப் போகிறாளாம்.

"நீ சொன்ன மாதிரி கன்னத்தத் தொட்டுப் பாத்துத்தான் பிசைஞ்சேன் ஏட்டி. கல்லு மாதிரி இருக்கு."

முகத்தைத் திருப்பிக் காட்டினாள். நல்ல உயரம் போட்டிருந்தாள். தாடை எலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போய், பெரிய பிள்ளையின் முகம். வந்ததிலிருந்து இங்கே சப்பாத்திக்குப் பிசையும்போதுகூட என் கை அந்தப் பழைய கன்னத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அது இனி அவளிடமும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"கன்னத்த விடு" என்றேன். வேறு வழி சொல்ல வேண்டியிருந்தது. ஃபோனைச் செம்பில் சாய்த்து வைத்து, அவள் பார்க்க நானும் மைதாவைப் பிசைந்தேன். "கரண்டி கரண்டியா தண்ணி விடு. கையில ஒட்டணும், ஆனா கையோட வரக் கூடாது. இப்ப வெரல வச்சு அமுக்கு. குழி மெல்ல மேல வருதா?"

"வருது! வருது!"

"ஈரத்துணி போட்டு மூடி வை."

"ஒரு கிலோ மைதாவ இப்படிப் பண்ணிட்டியே" என்றார் வீட்டுக்காரர். "ராத்திரி பரோட்டாதானா?"

ஏழு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. பின்னல் கொஞ்சம் கோணல். முட்டையைத் தடவி, தட்டை உள்ளே தள்ளும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முக்காலி இல்லாமலே ஓவனுக்குக் கை எட்டியது.

"எல்லாம் சொல்லிட்டியா? அடுத்த வாரம் ஒன்னக் கேக்காம நானே சுட்டுருவேன்லா?"

ஒன்று பாக்கி இருந்தது. அந்த ஓவனில் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும். அலுமினியத் தாளைப் போட்டு மூடாவிட்டால் உள்ளே வேகாது. அதைச் சொல்லாமல் விட்டால் நடுவில் பச்சை மாவாக இருக்கும், அடுத்த வெள்ளிக்கிழமை என்னைக் கட்டாயம் கூப்பிடுவாள். இப்படி நினைத்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். ஃபோன் ஓரத்தில் ஒட்டியிருந்த மைதாவை முந்தானையால் துடைத்தேன்.

"ஏட்டி, கேக்குதா?"

"கேக்குது மக்கா. மேல செவந்ததும் அலுமினியத் தாளு ஒண்ண போட்டு மூடு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

"அலுமினியத் தாளு. சரி."

உள்ளேயிருந்து அவளுடைய அப்பா குரல் கொடுத்தார், நேரமாகிவிட்டது, ஃபோனை வை என்று. அவள் கையை ஆட்டினாள். படம் போய்விட்டது. ரொட்டி ஓவனுக்குள் இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி ஒரு படமாவது அனுப்புவாள் என்று பார்த்தேன். ஞாயிறும் பார்த்தேன். மறந்திருப்பாள், சின்னப் பிள்ளைதானே.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிக்குப் போகவில்லை, துணியை மத்தியானமே எடுத்துவிட்டேன். ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். நாலு மணி ஆனது, ஏழு ஆனது. நம்ம ஊர் நேரம் எட்டரைக்கெல்லாம் அங்கே சூரியன் விழுந்திருக்கும்.

வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூப்பிடலியா?"

"இல்ல" என்றேன். "நல்லா வந்திருக்கும்."