உள்பாக்கெட்

டெய்லரம்மா தைக்கும் ஆண் சட்டைகளில் வெளியே தெரியாத ஒரு வேலை இருக்கும். இடது பக்கம், உள்ளே, ஒரு சின்னப் பாக்கெட். கேட்பவர்களுக்கு மட்டும்தான் வைப்பாள். மகனுக்குக் கேட்காமலே வைத்தாள். பஸ்ஸில் இரண்டு முறை பர்ஸைத் தொலைத்தவன் அவன்.

அந்தப் பாக்கெட் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணில் படவில்லை. லாரி மோதிச் செத்த மகனின் சட்டையைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் உள்ளே விரலை விட்டபோது, நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பதிவுத் திருமணச் சான்றிதழ். அன்றைய தேதிதான். மணமகள், எதிர்க்கடைக்காரர் மகள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவள், அவனோடே அவளும் செத்துப்போனாள்.

டெய்லரம்மாவின் புருஷனுக்கும் எதிர்க்கடைக்காரருக்கும் ஒரே தொழில், சைக்கிள் ரிப்பேர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இரவல் போன காற்றடிக்கும் பம்பு, வாஷர் கிழிந்து திரும்பி வந்தது. அன்றிலிருந்து பேச்சு இல்லை, ஏச்சு மட்டும்தான். பிள்ளைகள் போன பிறகாவது வாய் அடங்கும் என்று தெரு எதிர்பார்த்தது. அடங்கவில்லை. கடத்திக்கொண்டு போய்க் கொன்றுவிட்டான் என்றது அந்தக் கடை. மயக்கி இழுத்துக்கொண்டு போனாள் என்றது இந்தக் கடை. ஒரே தெருவிலிருந்து காலையில் ஒரு சவ ஊர்வலம், மாலையில் ஒரு சவ ஊர்வலம்.

காகிதத்தைப் பார்த்த புருஷன் அடுப்பில் போடச் சொன்னார். அவள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, புருஷனின் கடை முன்பக்கம், தன் தையல் மிஷினுக்கு மேலே, தெருவைப் பார்த்து மாட்டினாள். கடத்தலும் இல்லை, மயக்கலும் இல்லை, இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்றாள்.

அதோடு விட்டாளா? மறுநாள் காய்கறிக் கடையில் எதிர்க்கடைக்காரரின் மனைவி நின்றிருந்தாள். இவள் நேரே பக்கத்தில் போய் நின்றாள்.

"சாப்பிட்டீங்களா சம்பந்தி?"

தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. அந்த அம்மாள் பையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். டெய்லரம்மா பையை எடுத்து அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அதே வார்த்தைதான். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பிடித்தால் பிடிக்கட்டும் என்றாள்.

புருஷன் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார். "அந்த வார்த்தை இனி இந்த வீட்ல வரக்கூடாது."

"வீட்ல எங்கங்க சொன்னேன்? தெருவுலதான சொல்றேன்."

எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு முறை கல் வந்தது. முதல் முறை கண்ணாடி மாற்றினாள். இரண்டாம் முறை, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதத்தை வைத்து நாலு பக்கமும் தையல் ஓட்டினாள். இனிமேல் எறிந்தால் கல்தான் திரும்பிப் போகும் என்று அந்தக் கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அழுவதெல்லாம் மிஷின் ஓடும்போதுதான். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

எட்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், எதிர்க்கடைக்காரரின் மனைவி தெருவைக் கடந்து வந்தாள். கையில் அவளுடைய ரவிக்கை ஒன்று.

"லூசா இருக்கு. கொஞ்சம் பிடிச்சுத் தரணும்."

டெய்லரம்மா டேப்பை எடுத்து அவளைச் சுற்றிக் கொண்டுவந்தாள். ரவிக்கையின் அளவுக்கு இரண்டு அங்குலம் குறைச்சல். டெய்லரம்மாவுக்கும் அவ்வளவு குறைந்திருந்தது.

வந்தவள் தலையைத் தூக்கிக் காகிதத்தைப் படித்தாள். மகளின் கையெழுத்தில் விரலை வைத்தாள்.

"கடைசி எழுத்த விட்டுட்டா. எப்பவும் இப்படித்தான்."

"யார்னு புரியுதுல்ல. போதும்."

எதிர்க்கடையிலிருந்து, உள்ளே வா என்று ஒரு அதட்டல் வந்தது. அவள் அவசரப்படவில்லை. எப்போது வரட்டும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றாள் டெய்லரம்மா. அன்றைக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சேர்க்கவில்லை.

வந்தவள் நடுத்தெருவரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். இரண்டு கடைக்கும் சமதூரம்.

"அப்ப வெள்ளிக்கிழமை வர்றேன் சம்பந்தி."

இரண்டு கடையிலும் ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிற்று. தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.